உக்காய்-உக்காய்: பிலிப்பைன்ஸில் பழைய துணி வாங்கப் புதிதாகப் போகிறவர்களுக்கு

பிலிப்பைன்ஸில் எந்த ஊரின் கடைத்தெருவில் நடந்தாலும், ‘உக்காய்-உக்காய்’ என்று எழுதிய பலகை ஒன்றாவது கண்ணில் படும். கிளறுவது, குவியலுக்குள் கைவிட்டுத் துழாவுவது என்ற பொருளுள்ள சொல்லை இரட்டித்து, வெளிநாடுகளிலிருந்து மூட்டையாக வந்து இறங்கும் பழைய துணிக்கும், அதை விற்கும் கடைக்கும், அங்கே போய் வாங்கும் செயலுக்கும் ஒரே பெயராக வைத்திருக்கிறார்கள். மலைநகரமான பாகியோவில் இதற்கு ‘வக்வகன்’ என்று பெயர். இலோக்கானோ மொழியில் ‘வக்வக்’ என்றால் உதறுதல், தூசு போகத் துணியை உதறிப் பார்ப்பதால் வந்த பெயர். இரண்டு பெயர்களுமே கை செய்யும் வேலையைச் சொல்பவை என்பதைப் புதிதாகப் போகிறவர் மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே நான் சொல்லப்போவதில் பாதி தானே விளங்கிவிடும்.

மருத்துவம் படிக்க டவாவோவுக்கு வரும் தமிழ்நாட்டு மாணவர்களையும், வேலை நிமித்தம் மணிலாவுக்குக் குடிவரும் குடும்பங்களையும் எண்ணியே இதை எழுதுகிறேன். நம்மில் பலருக்கு அண்ணன் சட்டையைத் தம்பி போட்டுக்கொள்வது பழக்கமே தவிர, முன்பின் தெரியாத ஒருவர் உடுத்திய துணியைக் காசு கொடுத்து வாங்குவதில் ஒரு தயக்கம் உண்டு. இங்கே அந்தத் தயக்கத்தை அதிகம் பார்க்க முடியாது. அலுவலகத்தில் ஒரு பெண்ணிடம் “உங்கள் சட்டை அழகாக இருக்கிறது” என்று சொன்னால், “உக்காய் லாங் தோ, சிங்க்வென்டா!” என்று சிரித்துக்கொண்டே பதில் வரும்: ‘இது வெறும் உக்காய்தான், ஐம்பது பெசோ.’ குறைந்த விலைக்குக் கிடைத்ததைச் சொல்லிக்கொள்வதில் அவருக்குப் பெருமைதான்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய துணியை வணிகத்துக்காக நாட்டுக்குள் இறக்குமதி செய்வதை 1966-ஆம் ஆண்டின் 4653-ஆம் எண் குடியரசுச் சட்டம் தடைசெய்கிறது. மக்களின் உடல்நலத்தைக் காப்பதும் நாட்டின் கண்ணியத்தைப் பேணுவதும் அதன் நோக்கம் என்று சட்டத்தின் தலைப்பிலேயே எழுதியிருக்கிறது. துறைமுகங்களில் சுங்கத்துறையினர் அவ்வப்போது உக்காய் நிரம்பிய கொள்கலன்களைப் பிடிப்பதும், அதே வேளையில் நகரின் நடுத்தெருவில் உக்காய்க் கடைகள் வரிசையாகத் திறந்திருப்பதும் இந்நாட்டில் ஒருங்கே நடப்பவை. அந்தத் தடை இறக்குமதி செய்கிறவர் மீதானது. கடையில் ஒரு சட்டை வாங்குகிறவர் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் நான்கு மூட்டை எடுத்துவந்து நாமும் ஒரு வியாபாரம் பார்க்கலாம் என்று எண்ணும் மாணவர்கள், படிக்க வந்த விசாவையும் இந்தச் சட்டத்தையும் சேர்த்து எண்ணிப் பார்ப்பது நல்லது.

எங்கே, எப்போது போவது

பாகியோ கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே கம்பளிச் சட்டைக்கும் மேலங்கிக்கும் உண்மையான தேவை இருக்கிறது. கொரியாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வரும் குளிர்காலத் துணி நாட்டிலேயே சிறப்பாகக் கிடைக்கும் ஊர் அதுதான். பர்ன்ஹாம் பூங்காவை ஒட்டிய ஹாரிசன் சாலையில் இரவு 9 மணிக்கு மேல் வண்டிகளை நிறுத்திவிட்டுச் சாலை முழுவதையும் இரவுச் சந்தையாக்கிவிடுவார்கள். முதல்முறை போகிறவர் சந்தை தொடங்கிய உடனே போய்விடுவது நல்லது. நேரம் ஆக ஆகக் கூட்டம் தோளோடு தோள் உரசும். விளக்கொளியும் மங்கலாக இருப்பதால் கறை தெரியாது. மணிலாப் பகுதியில் கெசோன் நகரத்தின் அனோனாஸ், குபாவோ, மக்காத்தியின் பங்க்கால், பசாய்க்கு அருகில் பக்லாரன் ஆகியவை பெயர்பெற்றவை. செபுவில் கார்பன் சந்தைப் பக்கம் போகலாம். டவாவோவில் ரோகாஸ் சாலையின் இரவுச் சந்தை மாணவர்களுக்குப் பழகிய இடம். அங்கே துணி பார்த்து முடித்ததும் அடுத்த வரிசையில் சாப்பாடும் கிடைக்கும்.

இடத்தைவிட நாள் முக்கியமானது. துணி மூட்டையாகக் கட்டப்பட்டு வருகிறது. கடைக்காரர் அதைப் பிரித்துப் பார்க்காமலேயே விலை கொடுத்து வாங்குகிறார். மேலங்கி மூட்டை, ஜீன்ஸ் மூட்டை, குழந்தைத் துணி மூட்டை என்று வகை மட்டுமே அவருக்குத் தெரியும். உள்ளே நல்லது எத்தனை, கந்தல் எத்தனை என்பது பிரித்த பிறகுதான் தெரியும். ஆகவே மூட்டை பிரிக்கும் நாளில், நல்லவற்றைப் பொறுக்கி ஹேங்கரில் மாட்டி அதிக விலை வைத்து, கந்தலால் வரும் நட்டத்தை அவற்றின் தலையில் ஏற்றுகிறார். அந்த நாளை ‘அரைவல்’ என்பார்கள். கடை வாசலில் அட்டையில் எழுதியும் தொங்கவிடுவார்கள். அதன்பின் ஒவ்வொரு நாளாக விலை இறங்கும். ஹேங்கரில் 150 பெசோவுக்குத் தொங்கிய சட்டை சில நாளில் 100 ஆகி, பிறகு 50 ஆகி, கடைசியில் ‘மூன்று 100’ என்ற குவியலில் வந்து விழுந்து, அங்கேயும் விலைபோகாவிட்டால் 20 பெசோ தொட்டிக்குப் போகும். தொட்டி காலியானதும் அடுத்த மூட்டை பிரியும். பெரும்பாலான கடைகள் ஏறத்தாழ இந்தச் சுழற்சியில்தான் ஓடுகின்றன. உங்கள் வீட்டுக்கு அருகிலிருக்கும் கடையில் அது எத்தனை நாளுக்கு ஒருமுறை சுழல்கிறது என்று முதலில் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். மேலங்கி, கைப்பை போன்ற அரிதானவற்றுக்கு அரைவல் நாளிலும், வீட்டில் போடும் டி-சட்டைக்கு விலை இறங்கிய நாளிலும் போவது என் வழக்கம்.

இன்னொரு கணக்கும் உண்டு. இந்நாட்டில் பலருக்குச் சம்பளம் மாதம் இருமுறை, 15-ஆம் தேதியும் மாதக் கடைசியிலும் வருகிறது. சம்பளத்துக்கு முந்தைய வறட்சி நாட்களை ‘பெட்சா தே பெலிக்ரோ’, அதாவது அபாயத் தேதி என்பார்கள். அந்த நாட்களில் கடையில் கூட்டம் குறைவு, கடைக்காரருக்கும் பணமுடை, பேரம் படியும். டிசம்பரில் கூடுதலாகக் கிடைக்கும் பதின்மூன்றாம் மாதச் சம்பளம் கைக்கு வந்தபின் பேரம் பேசிப் பயனில்லை.

போகும்முன் வீட்டில் செய்ய வேண்டியவை

உங்களுக்கு மிக நன்றாகப் பொருந்தும் சட்டை ஒன்றையும் கால்சட்டை ஒன்றையும் கட்டிலில் விரித்து அளந்துகொள்ளுங்கள். ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை, தோள் தையலிலிருந்து தோள் தையல் வரை, பின்கழுத்திலிருந்து கீழ்விளிம்பு வரை. கால்சட்டைக்கு இடுப்பு, தொடை, உள்காலின் நீளம். இந்த ஆறு எண்களைக் கைப்பேசியில் எழுதிவைத்துக்கொண்டு, தையற்காரர் வைத்திருக்கும் துணி அளவு நாடா ஒன்றையும் பையில் போட்டுக்கொண்டால், கடையில் போட்டுப் பார்க்க இடமில்லாதது ஒரு குறையாகவே தெரியாது. பல கடைகளில் ஒரு மூலையில் திரை கட்டியிருப்பார்கள். சந்தைகளில் அதுவும் இராது. அதனால் இறுக்கமான மெல்லிய பனியனும் அரைக்கால் அல்லது லெகிங்ஸும் உள்ளே அணிந்து போனால், மேலேயே போட்டுப் பார்த்துவிடலாம். கால்சட்டையின் இடுப்பை அளக்க இங்கே எல்லோரும் செய்யும் வேடிக்கையான வழி ஒன்று உண்டு: பொத்தானைப் போட்டு, இடுப்புப் பட்டியைக் கழுத்தைச் சுற்றி வளைத்துப் பார்ப்பார்கள்; இரு முனைகளும் பின்கழுத்தில் தொட்டுக்கொண்டால் இடுப்புக்குச் சரி. தொப்பை விழுந்தவர்களுக்கு இந்தக் கணக்கு உதவாது என்பதை அனுபவத்தில் சொல்கிறேன்.

இருபது, ஐம்பது, நூறு பெசோ தாள்களும் சில்லறையும் எடுத்துச் செல்லுங்கள். ஐம்பது பெசோ சட்டைக்கு ஆயிரம் பெசோ தாளை நீட்டினால் சில்லறை கிடைக்காது. அத்துடன் பேரமும் முடிந்துவிடும். நகரக் கடைகளில் ஜிகேஷ் என்ற கைப்பேசிப் பணச் செயலி வழியாகவும் பணம் வாங்குகிறார்கள். தூசு ஒவ்வாதவர்கள் முகக்கவசம் போட்டுக்கொள்ள வேண்டும். பையை முதுகில் மாட்டாமல் மார்போடு மாட்டிக்கொள்ளுங்கள். இரு கையும் குவியலுக்குள் இருக்கும்போது பையை யாரும் பார்ப்பதில்லை, பையைக் கத்தியால் கீறி எடுக்கிறவர்கள் காத்திருப்பதும் அந்த நேரத்துக்குத்தான். வாங்கியதைப் போட ஒரு துணிப்பை, கை துடைக்க ஈரத்தாள், இவ்வளவு போதும்.

கிளறும் முறை

குவியலின் முன் நின்றதும் கண்ணுக்குப் பிடித்த நிறத்தைத் தேடி இழுப்பது புதியவர்கள் செய்யும் தவறு. பழகியவர்கள் குவியலின் ஓரத்தில் கையை நுழைத்து, விரல்களால் துணியைத் தொட்டுக்கொண்டே போவார்கள். பருத்தியும் லினனும் கம்பளியும் விரலுக்கு உடனே தெரியும், வழுக்கிக்கொண்டு குளிர்ச்சியாக நழுவும் பாலியெஸ்டரும் தெரியும். இந்த நாட்டின் ஈரக்காற்றில் பாலியெஸ்டர் சட்டை மதியத்துக்குள் முதுகோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால், நிறம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் அதை விட்டுவிடுவேன். சந்தேகம் இருந்தால் ஓரத்தைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துவிட்டு விடுங்கள். ஆழமாகச் சுருங்கினால் அதில் பருத்தியோ லினனோ பெருமளவு இருக்கிறது.

கையில் பிடித்ததை அப்படியே தோளில் போட்டுக்கொண்டு கிளறுவதைத் தொடர வேண்டும். கீழே வைத்தால் அடுத்தவர் எடுத்துக்கொள்வார், அது அவர் உரிமை. ஆனால் மற்றவர் தோளிலோ கூடையிலோ இருப்பதைத் தொடக் கூடாது. தேர்ந்தெடுத்தது பத்து உருப்படி சேர்ந்ததும் வெளிச்சமான இடத்துக்குப் போய் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். முதலில் அக்குள்: வியர்வையால் மஞ்சளித்து விறைத்த அக்குள் எந்தச் சோப்புக்கும் மசியாது. அடுத்து கழுத்துப் பட்டியின் உள்மடிப்பு, கை விளிம்பு, கால்சட்டையின் தொடையிடுக்கு. ஜீன்ஸ் முதலில் நைந்துபோவது அங்கேதான். துணியை வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடித்தால், கம்பளியில் பூச்சி அரித்த ஊசிமுனை ஓட்டைகள் நட்சத்திரம்போல் தெரியும். ஓர் ஓட்டையை இழை ஓட்டிவிடலாம். ஐந்தாறு இருந்தால் அந்தத் துணியைப் பூச்சி பாதி தின்றுவிட்டது என்று பொருள். ஜிப்பை மேலும் கீழும் மூன்றுமுறை இழுங்கள். எலாஸ்டிக்கைக் காதருகில் வைத்து இழுத்துப் பாருங்கள். உள்ளே நொறுங்கும் சத்தம் கேட்டால் ரப்பர் செத்துவிட்டது. பொத்தான் போயிருந்தால் கவலை வேண்டாம், பத்து பெசோ குறைக்கச் சொல்ல அது ஒரு காரணம்.

தோல்போலத் தெரியும் மேலங்கியையும் கைப்பையையும் நகத்தால் மெதுவாகச் சுரண்டிப் பாருங்கள். அவற்றில் பெரும்பாலானவை துணியின் மேல் பூசிய பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக். ஈரக்காற்றில் அந்தப் பூச்சு வருடக்கணக்கில் சிறிது சிறிதாகச் சிதைந்து, ஒரு நாள் மீன்செதிலாக உதிரும். உதிரத் தொடங்கியதை நிறுத்த வழியில்லை.

அதே பாலியூரித்தேன்தான் காலணியிலும் ஏமாற்றுகிறது. மிண்டனாவோவின் அப்போ மலை 2,954 மீட்டர், இந்நாட்டின் மிக உயர்ந்த சிகரம். அதில் ஏறும் மாணவர்கள் மேலங்கியும் மலையேற்றக் காலணியும் உக்காயில்தான் தேடுவார்கள். நானும் அப்படி ஒரு முறை, புத்தம்புதிதாகத் தெரிந்த ஜப்பானிய மலையேற்றக் காலணி ஒன்றை 600 பெசோவுக்கு வாங்கி, எனக்கு நானே முதுகைத் தட்டிக்கொண்டு மலைக்குப் போனேன். ஏறத் தொடங்கிய இரண்டாம் மணி நேரத்தில் வலது காலின் அடிப்பாகம் ஊறிய ரொட்டிபோல் பிரிந்து, ரப்பர் தனியாகச் சேற்றில் நின்றுவிட்டது. அரை மணி கழித்து இடது காலும் அதைப் பின்பற்றியது. மீதி வழியைக் கூட வந்தவர் கொடுத்த கயிற்றால் கட்டிக்கொண்டு இறங்கினேன். அலமாரியில் பல ஆண்டு போடாமலே இருந்த காலணிதான் புதிதுபோல் தெரியும், அடிப்பாகத்தின் நடு அடுக்கு உள்ளுக்குள் அப்படித்தான் சிதைந்திருக்கும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆகவே நடு அடுக்கைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். பிசுபிசுத்தாலோ, மாவாக உதிர்ந்தாலோ, மெல்லிய வெடிப்பு ஓடினாலோ வைத்துவிடுங்கள். முன்பாதத்தை இரு கையாலும் நன்றாக வளைத்துப் பார்ப்பதும் அவசியம். முழு ரப்பர் அடி கொண்டதும், அடிப்பாகம் மேல்பகுதியோடு சுற்றிலும் தைக்கப்பட்டதும் நம்பத் தகுந்தவை.

அளவுச்சீட்டைப் படிப்பது

கழுத்துப் பட்டியில் இருக்கும் எண் எந்த நாட்டுக் கணக்கு என்பது தெரியாமல் பலர் நல்ல துணியை விட்டுவிடுகிறார்கள். கொரிய ஆண்கள் சட்டையில் 95, 100, 105 என்று இருப்பது மார்புச் சுற்றளவை ஒட்டிய சென்டிமீட்டர் எண். நடுத்தர உடல்வாகுக்கு 95, சற்றுப் பெரியவருக்கு 100. கொரியப் பெண்கள் உடையில் 44, 55, 66, 77 என்று ஏறும்; 44 மிகச் சிறியது. ஜப்பானியப் பெண்கள் உடையில் 7, 9, 11, 13 என்று ஒற்றைப்படையாக வரும். 9 என்பது அவர்கள் ஊர் எம் அளவு. அவர்கள் எம் என்பது அமெரிக்கர்களின் எஸ் அளவை ஒட்டி இருப்பதால், ஜப்பானிய எல், எல்எல் ஆகியவற்றில் நம்மவர் தேடுவது பயன் தரும். குழந்தைத் துணியில் 100, 110, 120 என்று இருந்தால் அது குழந்தையின் உயரம். இதில்தான் குழப்பம் வரும்: 110 என்று போட்ட கொரியச் சட்டை பெரிய உடம்புக்காரர் ஒருவருக்கானதாகவும் இருக்கலாம், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கானதாகவும் இருக்கலாம். விரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும், சீட்டை மட்டும் பார்த்து இணையத்தில் வாங்குகிறவர்தான் மாட்டிக்கொள்வார். எந்தச் சீட்டானாலும் துவைத்துச் சுருங்கியிருக்கக்கூடும். கடைசித் தீர்ப்பு அளவு நாடாவுடையது.

பெரிய நிறுவனப் பெயர் தைத்த துணியைத் தேடி அலைவதை நான் பரிந்துரைக்கவில்லை. போலிகளும் மூட்டையில் கலந்தே வருகின்றன. உண்மையானதைக் கடைக்காரர் நமக்கு முன்பே அடையாளம் கண்டு தனியாக மாட்டிவிடுவார்.

பேச்சும் பேரமும்

கடையில் இருப்பவர் பெண் என்றால் ‘ஆத்தே’, ஆண் என்றால் ‘குயா’ என்று அழைக்க வேண்டும். அக்கா, அண்ணன் என்று பொருள். நம் ஊர்க் கடைத்தெருவில் அக்கா, அண்ணே என்பதைப் போலவே வயது பார்க்காமல் சொல்லலாம். தகாலோக் பேசும் பகுதிகளில் வாக்கியத்தில் ‘போ’ என்று சேர்த்தால் அது நம் ‘ங்க’ போல மரியாதை. “மக்கானோ போ இத்தோ?” என்றால் இது என்ன விலைங்க; “மை தாவத் பா போ பா?” என்றால் இன்னும் குறைக்க முடியுமாங்க. தாவத் என்ற சொல்லுக்கு விலைக் குறைப்பு என்றும் மன்னிப்பு என்றும் இரு பொருள் உண்டு. பேரம் பேசும் குரலும் ஏறத்தாழ அப்படித்தான் இருக்க வேண்டும், அதட்டும் குரலில் கேட்டால் ஒரு பெசோகூட இறங்காது. டவாவோவிலும் செபுவிலும் பிசாயா மொழி என்பதால் “தக்பிலா நி, ஆத்தே?” என்று கேளுங்கள், பேரத்துக்கு அங்கே ‘ஹங்க்யோ’ என்று பெயர், வேண்டிக்கொள்வது என்பதே அதன் பொருள்.

விலைகள் ஸ்பானிய எண்களில்தான் காதில் விழும்: பெய்ன்தே 20, த்ரெய்ன்தா 30, க்வரென்தா 40, சிங்க்வென்டா 50, ஒசென்தா 80. முன்னால் ‘திக்’ என்று சேர்ந்தால் ஒவ்வொன்றும் அந்த விலை. இவற்றை மனப்பாடம் செய்வது அரை மணி நேர வேலை. செய்யாதவர் கால்குலேட்டரை நீட்டிக் காட்டச் சொல்லி, புதியவர் என்பதைத் தாமே அறிவித்துக்கொள்வார்.

20 பெசோ தொட்டியில் பேரம் பேசுவது அழகில்லை. ஹேங்கரில் தொங்குவதற்குப் பேசலாம், அதிலும் ஒன்றுக்குப் பேசுவதைவிட மூன்றைச் சேர்த்து வைத்து மொத்தமாகக் கேட்பதுதான் எடுபடும். அக்குள் கறை, பொத்தான், தளர்ந்த தையல் ஆகியவற்றைச் சண்டைக்காரர்போல் சுட்டிக்காட்டாமல், “இதைத் தைக்க வேண்டியிருக்கிறதே, ஆத்தே” என்று சொன்னால் அவரே ஒரு தொகை சொல்வார். காலையில் முதல் ஆளாகப் போனால் உங்களுக்கு ஒரு வலிமை உண்டு. முதல் போணியை இங்கே ‘புவேனா மானோ’ என்பார்கள். முதல் ஆளை வெறுங்கையோடு அனுப்பினால் நாள் முழுக்க வியாபாரம் விளங்காது என்ற எண்ணம் நம்மூர் வியாபாரிகளைப் போலவே இவர்களுக்கும் உண்டு. நம்மவர் போணிக் காசைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். இங்கே ஆத்தே அந்தத் தாளை எடுத்து, தொங்கும் சட்டைகள் மீதும் குவியல் மீதும் படபடவென்று தட்டிக்கொண்டே போவார். அதற்காகவே விலை குறைத்துக் கொடுப்பார். ஆனால் முதல் ஆளாகப் போய் எல்லாவற்றையும் கலைத்துவிட்டு ஒன்றும் வாங்காமல் திரும்புவது பெரிய மரியாதைக் குறைவு. வாங்கும் எண்ணம் இல்லாத காலையில் தாமதமாகவே போங்கள்.

ஒரே கடைக்கு மூன்று நான்கு முறை போனால் நீங்கள் அவருக்கு ‘சூக்கி’ ஆகிவிடுவீர்கள். வாடிக்கை என்று இதை மொழிபெயர்க்கலாம், ஆனால் சூக்கி என்பது இருவழிச் சொல். அவர் உங்களுக்குச் சூக்கி, நீங்களும் அவருக்குச் சூக்கி. உங்கள் அளவை நினைவில் வைத்துக்கொண்டு, மூட்டை பிரிக்கும்போது ஒன்றிரண்டை எடுத்து ஒதுக்கிவைப்பார். பதிலுக்கு நீங்கள் பக்கத்துக் கடையில் வாங்கிய பையை அவர் கண்முன் ஆட்டிக்கொண்டு போகக் கூடாது.

தமிழர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இந்திய முகத்தைக் கண்டதும் சிலர் ‘பும்பாய்’ என்பார்கள். இந்நாட்டுச் சந்தைகளில் தலைமுறைகளாக வட்டிக்குக் கடன் கொடுத்துவரும் இந்தியர்கள், பெரும்பாலும் பஞ்சாபிகள், அந்தப் பெயரால் அறியப்பட்டவர்கள். ஐந்து வாங்கினால் ஆறாகத் திருப்ப வேண்டும் என்பதால் அந்தக் கடனுக்கே ‘ஃபைவ்-சிக்ஸ்’ என்று பெயர். உக்காய் வியாபாரிகளில் பலர் அப்படிக் கடன் வாங்கி மூட்டை எடுத்தவர்களாக இருப்பார்கள். நீங்கள் வசூலுக்கு வந்தவர் என்று நினைத்து ஒருவர் முகம் சுருங்கினால் அதைத் தனிப்பட்ட வெறுப்பாக எடுத்துக்கொள்ளாமல், மாணவர் என்று சொல்லிவிடுங்கள்.

நேரலையில் வாங்குவது

ஃபேஸ்புக் நேரலையில் ஒருவர் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்ட, வேண்டியவர் ‘மைன்’ என்று எழுதிக் குறியெண்ணைப் போடுவது இப்போது பரவலான முறை. முதலில் எழுதியவருக்கே பொருள். எழுதிவிட்டுப் பணம் அனுப்பாமல் நழுவுகிறவரை ‘ஜாய் மைனர்’ என்று பெயர் சொல்லி அறிவிப்பார்கள், அடுத்த முறை விற்கவும் மாட்டார்கள். ஆகவே அக்குள் அளவு, நீளம், குறை ஆகியவற்றைக் கேட்டு விடை வந்தபின் எழுதுங்கள். அனுப்பும் செலவு துணியின் விலையைத் தாண்டிவிடுவதும் உண்டு; ஒரே விற்பனையாளரிடம் சில வாரம் சேர்த்துவைத்து ஒன்றாக அனுப்பச் சொல்வது வழக்கம்.

வாங்கக் கூடாதவையும் துவைக்கும் முறையும்

உள்ளாடை, நீச்சலுடை, காலுறை ஆகியவற்றை வாங்காதீர்கள். கைக்குழந்தைத் துணியில் அந்துருண்டை வாசனை வந்தால் வாங்காமல் இருப்பதே நல்லது. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அந்துருண்டையில் உள்ள நாஃப்தலின் நெடியே இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து மஞ்சள்காமாலையில் கொண்டுவிடக்கூடும். பிலிப்பைன்ஸில் பிறந்த குழந்தைகளுக்குச் செய்யும் பரிசோதனையில் இக்குறைபாடும் சேர்க்கப்பட்டிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் துணியைக் கட்டிலிலோ நாற்காலியிலோ போடாமல், பையோடு இறுகக் கட்டித் தாழ்வாரத்தில் வையுங்கள். சொறிச் சிரங்கை உண்டாக்கும் உண்ணி மனிதத் தோலை விட்டு வெளியே பெரும்பாலும் இரண்டு மூன்று நாளுக்கு மேல் உயிரோடு இருப்பதில்லை என்பதால், ஒரு வாரம் கட்டிவைப்பதே பாதிப் பாதுகாப்பு. துவைக்கும் முன் சட்டைப்பைகளைப் பாருங்கள். ஜப்பானிய நாணயம், கொரியப் பேருந்துச் சீட்டு, யாரோ எழுதிய பொருள்பட்டியல் என்று எதுவும் இருக்கும். பருத்தித் துணியை 60 பாகை வெந்நீரில் சோப்புத்தூளோடு அரை மணி ஊறவைத்துத் துவைக்கலாம். கம்பளிக்கும் பட்டுக்கும் வெந்நீர் ஆகாது, அவற்றை உலர்சலவைக்குக் கொடுப்பதோ, கட்டிவைத்தபின் தண்ணீரில் மெதுவாக அலசுவதோ போதும். முதல் அலசலில் தண்ணீர் தேநீர் நிறத்தில் வந்தால் திகைக்க வேண்டாம், மூன்றாம் அலசலில் தெளிந்துவிடும். வெளிர்துணியோடு கருந்துணியைச் சேர்க்காதீர்கள். மூட்டைகளில் இறந்தவர்களின் உடையும் கலந்து வரும் என்ற பேச்சு இங்கே உண்டு. அதனால் வெயிலில் ஒரு முழு நாள் காயாத உக்காயை உடுத்தக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். காரணம் எதுவானாலும் அந்த வெயில் தேவைதான்.

ஏனென்றால் ‘அமோய் உக்காய்’, அதாவது உக்காய் வாசனை எனப்படும் அந்துருண்டை நெடியைச் சோப்பு போக்குவதில்லை. வாசனைத் திரவம் ஊற்றினால் இரண்டு நெடியும் சேர்ந்து வீசும். நாஃப்தலின் சூட்டிலும் காற்றிலும் தானாகவே ஆவியாகிப் போகும் பொருள். ஆகவே துவைத்த துணியை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, காற்றோட்டமான வெயிலில் இரண்டு மூன்று நாள் தொங்கவிட்டால் நெடி அடங்கிவிடும். மணிலாவில் ஜூன் தொடங்கிப் பெய்யும் மழையில் இதற்கு வழியிராது. அப்போது அறைக்குள் கயிறு கட்டி, துணிகளுக்கிடையே ஒரு சாண் இடைவெளி விட்டு, மின்விசிறியைத் துணிகளின் பக்கம் திருப்பி ஓடவிட்டு, சன்னலைத் திறந்து வையுங்கள்.